வெளிநிலம் வீண்நிலம் அல்ல

தியானப் பகுதி: எண்ணாகமம் 35:1-5, லேவியராகமம் 25:34, சகரியா 8:5



சென்ற மாதம் ஆயர்களுக்கான தியான முகாமில் பங்குபெறக் கொடைக்கானல் சென்றிருந்தேன் என்பதை நீங்கள் அறிவீர்கள். நான் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலையில் நம் சேகரக் குழுவினர் ஒரு தீர்மான வரைவை என் மேசைமீது வைத்தார்கள். ஆலயத்தின் தென்புறத்தில் இரண்டு வேப்பமரங்களும் ஒரு புளியமரமும் நிற்கின்ற திறந்த மைதானத்தில், சாலையை ஒட்டிப் பன்னிரண்டு கடைகளும் அவற்றின் பின்னால் ஒரு திருமண மண்டபமும் கட்டலாம் என்பதே அந்த வரைவு. "இவ்வளவு காலமும் சும்மா கிடக்கிற நிலம்தானே, ஐயா" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே தோன்றியது. திரும்பி வந்ததும் கையொப்பமிடுகிறேன் என்று சொல்லி, அந்தத் தாளை என் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

இன்று அந்தத் தாள் கையொப்பமின்றி என் முன்னால் இருக்கிறது. அதற்கான காரணத்தைச் சபையாருக்குச் சொல்ல நான் கடன்பட்டிருக்கிறேன்.

முகாமின் மூன்றாம் நாள் பிற்பகல் எங்களுக்கு ஓய்வு. என்னோடு தங்கியிருந்த ஆயரின் பழைய சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர். அவர் எங்கள் இருவரையும் அங்கே அழைத்தார். நான் தயக்கத்தோடுதான் போனேன். கோல்ஃப் என்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்றும், ஒரு சிறிய பந்தைத் துரத்துவதற்கு இத்தனை நிலமா என்றும் என் மனத்தில் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

கொடைக்கானல் ஏரியிலிருந்து தூண் பாறைக்குச் செல்லும் வழியில், பசுமைப் பள்ளத்தாக்குக் காட்சிமுனைக்கு அருகே, நகரிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவில் அந்த மைதானம் இருக்கிறது. சுற்றுலா வாகனங்களின் இரைச்சலும், வேகவைத்த மக்காச்சோளத்தின் மணமும், வீட்டுச் சாக்லேட் விற்கும் கடைகளின் வரிசையும் சாலையோடு நின்றுவிடுகின்றன. உள்ளே நடந்தால், மேடும் பள்ளமுமாக அலையலையாய் விரிந்து செல்லும் புல்வெளி. ஓரங்களில் உயர்ந்த மரங்கள். பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வந்த மேகம் ஒரு கொடிக்கம்பத்தை மறைத்து, சற்று நேரத்தில் அதைத் திருப்பித் தந்தது. பதினெட்டுக் குழிகளைக் கொண்ட இந்த மைதானத்தின் கழகம் 1895-ஆம் ஆண்டில் தோன்றியது. நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இன்றுவரை கட்டடங்களால் நிரப்பப்படாமல் நிற்கிறது. ஒரு சென்ட் நிலத்துக்காகச் சகோதரர்கள் நீதிமன்றம் ஏறுகின்ற அதே மலையில் இது இருக்கிறது என்பதை எண்ணியபோது என் நடை தானாகவே மெதுவாயிற்று.

புல்லின்மேல் பெரிய குளம்படிகள் பதிந்திருந்தன. இரவில் வந்து மேய்ந்துவிட்டுப் போன காட்டுமாடுகளின் தடங்கள் அவை என்று பெரியவர் சொன்னார். பழனி மலையின் மேற்பகுதி இயல்பிலேயே சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி அமைந்த நிலம். பள்ளங்களில் அடர்ந்த சோலை, மேடுகளில் திறந்த புல். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இத்தகைய புல்வெளிகளில் வளர்வது. 2006-இலும் 2018-இலும் அது பூத்ததை உங்களில் சிலர் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஆயினும் வெள்ளையர் ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னரும் இந்தப் புல்வெளிகளைப் பயனற்ற தரிசு என்றே கணக்கிட்டார்கள். பயன் தரட்டும் என்று தைலமரத்தையும் பைன் மரத்தையும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துவந்த புல், அந்த மரங்களின் கீழே மறைந்துபோயிற்று. வைகைக்கும் அமராவதிக்கும் நீர் அனுப்பும் மலை இது. அங்கே புல்லை வீண் என்று எண்ணியவர்களின் கணக்கு, கீழே சமவெளியில் குடமேந்தி நிற்கும் நம்மையும் சேர்த்தே பாதித்தது.

கோல்ஃப் மைதானத்தின் வெட்டப்பட்ட புல்தரை அந்த இயற்கையான புல்வெளி ஆகாது. அதையும் இதையும் ஒன்றாகப் பேசினால் நான் உண்மை பேசாதவனாவேன். ஆனாலும் ஒரு பொதுவான பாடம் அங்கே இருந்தது. அதை எனக்குக் கற்பித்தவர் எங்களை அழைத்துச் சென்ற பெரியவர் அல்லர். மடித்துக் கட்டிய வேட்டியும், பழைய ஸ்வெட்டரும், தலையில் சுற்றிய மப்ளருமாக மேட்டின் ஓரத்தில் குனிந்து வாட்டில் நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி. வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

பேச்சுக் கொடுக்கலாம் என்று, "எவ்வளவு அமைதியான இடம், அண்ணே! இப்படிச் சும்மா கிடக்கிற நிலத்தைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "பாக்குறவங்க அப்படித்தான்யா சொல்லுவாங்க. ஒரு எடம் சும்மா கெடக்கணும்னா அதுக்கு எவ்வளவு வேலை இருக்கு தெரியுமா?"

பிறகு அந்த வேலையைக் கணக்குச் சொன்னார். பன்றி கிளறிப்போட்ட மண்ணை மட்டமாக்க வேண்டும். மாட்டின் குளம்பு அழுந்திய குழிகளை நிரப்ப வேண்டும். மழைநீர் தேங்காமல் வாய்க்கால் இழுக்க வேண்டும். வாட்டில் முளைத்தால் விரல் அளவு இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். "ஒரு வருசம் கைய விட்டுட்டா போதும்யா. அப்புறம் இது புல்லா இருக்காது, பொதராத்தான் இருக்கும்" என்றார்.

"நீங்க இங்கே விளையாடியிருக்கீங்களா, அண்ணே?" என்று கேட்டேன்.

"பந்து தேடிக் குடுத்திருக்கேன்யா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

பிரியமானவர்களே, அந்த இரண்டு பதில்களும் அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை. அவற்றையே இந்த வாரச் சிந்தனையாக உங்கள்முன் வைக்கிறேன்.

முதல் பதில், திறந்த நிலத்தைப் பற்றிய என் அறியாமையை உடைத்தது. நம் மைதானமும் "சும்மா கிடக்கிற" நிலம் என்றே நாம் எண்ணியிருந்தோம். அது சும்மா கிடக்கவில்லை. நமக்கு முன்னிருந்தோர் அதை அப்படி வைத்துக் காத்தார்கள். முள்ளை வெட்டினார்கள், வேலியிட்டார்கள், ஆக்கிரமிப்பு வந்தபோது எழுந்து நின்றார்கள், பஞ்ச காலத்திலும் விற்காமல் இருந்தார்கள். ஒரு நிலம் காலியாக இருப்பதற்குப் பின்னால் பல தலைமுறைகளின் "வேண்டாம்" என்ற பதில் இருக்கிறது. கட்டுவதற்கு ஒரே ஒரு தலைமுறை "சரி" என்றால் போதும்.

வேதாகமம் இதைப் பற்றிப் பேசுகிறதா என்று அன்று இரவு விடுதி அறையில் தேடினேன். அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் லேவியராகமத்தையும் எண்ணாகமத்தையும் தேர்வுக்காக விரைந்து கடந்தவன் நான். இம்முறை நிதானமாய் வாசித்தேன். லேவியருக்கு மற்றக் கோத்திரங்களைப்போல் நாட்டில் தனிப் பங்கு இல்லை. அவர்கள் குடியிருக்க 48 பட்டணங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றோடு, ஒவ்வொரு பட்டணத்தின் மதிலுக்கு வெளியே சுற்றிலும் இத்தனை முழம் என்று அளந்து, அவர்களுடைய மிருகஜீவன்களுக்காகத் திறந்த நிலமும் கொடுக்க வேண்டும் என்று எண்ணாகமம் 35-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. தமிழ் வேதாகமம் அதற்கு வெளிநிலம் என்று அழகான பெயர் தருகிறது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. லேவியர் தங்கள் வீடுகளை நெருக்கடியில் விற்கலாம், பின்பு மீட்டுக்கொள்ளலாம். வெளிநிலத்தையோ விற்கவே கூடாது. அது தலைமுறைதோறும் அவர்களுக்குரியது.

வீட்டை விற்க இடம்கொடுத்த பிரமாணம் மேய்ச்சல் வெளியை விற்க ஏன் இடம்கொடுக்கவில்லை? வீடு ஒரு குடும்பத்துக்குரியது. வெளி, பட்டணத்தார் அனைவருக்கும், அவர்களுடைய வாயில்லா ஜீவன்களுக்கும், இன்னும் பிறவாத பிள்ளைகளுக்கும் உரியது. தன்னுடையதை விற்க ஒருவனுக்கு உரிமை உண்டு. இன்னும் பிறவாதவனுடைய பங்கை விற்க எவனுக்கும் உரிமை இல்லை. அதுவும் ஊழியக்காரருடைய நிலத்தைக் குறித்தே இந்தக் கட்டளை கொடுக்கப்பட்டது என்பது என்னை உறுத்தியது. பிறருக்கு இடமில்லாமற்போகும்வரை தங்கள் மனைகளை விரித்துக்கொண்டே போனவர்களை ஏசாயா எச்சரித்தார். அந்த எச்சரிக்கை செல்வந்தரான தனிமனிதருக்கு மட்டும் என்று எண்ணி இதுவரை பிரசங்கித்திருக்கிறேன். சபைகளும் மனைகளை விரிக்கக்கூடும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கோல்ஃப் விளையாட்டின் தாயகத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆன்ட்ரூஸ் நகரக் கடற்கரையில் உள்ள புல்வெளி, நூற்றாண்டுகளாக ஊர்ப் பொதுநிலம். ஆடு மேய்த்தார்கள், துணி உலர்த்தினார்கள், பந்தும் விளையாடினார்கள். ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள் என்ற வழக்கம் 1764-இல் அங்கேதான் தோன்றியது. 1797-இல் நகர மன்றம் கடனில் சிக்கியது. "சும்மா கிடக்கிற" அந்த நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். வாங்கிய வணிகர்கள் அதை முயல் வளர்க்கும் பண்ணையாக்கினார்கள். முயல்கள் வளை தோண்டிப் புல்வெளியைப் பாழாக்கின. ஊராருக்கும் வணிகருக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் வழக்கும் சண்டையும் நடந்தன. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அதை விலைக்கு வாங்கிய பின்னரே நிலம் பிழைத்தது. இன்று அது பொதுமக்களின் நிலம். உலகப் புகழ்பெற்ற அந்தப் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக விளையாட்டு இல்லை. ஊரார் பிள்ளைகளோடும் நாய்களோடும் அதில் நடந்து திரிகிறார்கள். கடன் அடைபட்ட பின்பும் விற்கப்பட்ட நிலம் தானாகத் திரும்பி வருவதில்லை. செயின்ட் ஆன்ட்ரூஸ் ஊராருக்கு ஒரு சீப் கிடைத்தார். எல்லா ஊருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பிக் கையொப்பமிடலாகாது.

இனி அந்தத் தொழிலாளியின் இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். பந்து தேடிக் கொடுத்திருக்கிறேன் என்றார். அவர் குரலில் குறையேதும் இல்லை. எனக்குத்தான் வலித்தது.

கொடைக்கானலின் வரலாறு நம் திருச்சபையின் வரலாற்றோடு பின்னிக்கிடக்கிறது. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து அமெரிக்க மிஷன் பணியைத் தொடங்கிய மிஷனெரிமார், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் மனைவியரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தார்கள். பிழைத்திருப்போரைக் காக்கக் குளிர்ந்த மலையைத் தேடினார்கள். 1845-இல் அவர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மதுரையின் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடைக்குக் கரையிட்டு ஏரியை உண்டாக்கினார். 1895-இல் கோல்ஃப் கிளப் பிறந்தது. அதே ஆண்டில் இயேசு சபையார் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். ஒரே ஆண்டில், ஒரே மலையில், ஒருபுறம் இறையியல் பயிலும் இடமும் மறுபுறம் விளையாடும் இடமும் எழுந்தன.

இவற்றையெல்லாம் நன்றியோடு நினைக்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் சிறு பிள்ளைகளின் கல்லறைகளைக் கண்டவர் எவரும் அந்த மிஷனெரிமார் சொகுசைத் தேடி மலையேறினார்கள் என்று சொல்லத் துணியமாட்டார். ஆனால் மோட்டார் சாலை வருவதற்கு முன்பு அவர்கள் மலைக்கு எப்படி ஏறினார்கள்? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து டோலியிலும் நாற்காலியிலும். அவற்றைச் சுமந்தவர்கள் நம் மக்கள். சுமந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அதற்கும் முன்பே அந்த மலையில் தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்த பளியர்களிடம், இந்த நிலம் யாருடையது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்நாளைய மலைநகர்க் கழகங்கள் பெரும்பாலும் வெள்ளையருக்காகவே இருந்தன. நம்மவர் அவற்றுள் நுழைந்தது சுமப்பதற்காக. கோல்ஃபில் மட்டைப்பை சுமப்பவரைக் கேடி என்பார்கள். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். ஆனால் சுமக்கிறவனுக்கும் விளையாடுகிறவனுக்கும் இடையே இருந்த தூரம் சிரிப்புக்குரியதல்ல.

ஆக, அந்த மைதானத்தில் கற்றுக்கொள்ளவும் எச்சரிக்கை பெறவும் எனக்கு இரண்டும் இருந்தன. நிலத்தை நிரப்பாமல் காப்பதை அங்கே கற்றேன். காத்த நிலம் யாருக்குத் திறந்திருக்கிறது என்று கேட்கவும் அங்கேயே கற்றேன். திறந்த வெளி என்று பெயர் வைத்துவிட்டு வாசலைச் சாத்தினால், அது வெளியாகுமா?

இந்தக் கேள்வியை அடுத்தவரிடம் கேட்பது எளிது. கோல்ஃப் ஆட்டத்தின் ஒரு வழக்கம் என்னை அப்படிக் கேட்கவிடவில்லை. மற்ற ஆட்டங்களில் தவறைக் கண்டுபிடிக்க நடுவர் பக்கத்திலேயே நிற்பார். கோல்ஃபில் பெரும்பாலும் அப்படி ஒருவர் நிற்பதில்லை. தன் தவறைத் தானே அறிவித்துத் தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டி எழுதிக்கொள்வது ஆட்டக்காரனின் கடமை. 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற வீரர், அடிக்கத் தயாரானபோது தம் பந்து சற்றே அசைந்துவிட்டது என்று தாமே சொன்னார். வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை. முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் தம்மேல் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். போட்டியின் முடிவில் அவரும் வில்லி மக்ஃபார்லேனும் சமநிலையில் நின்றார்கள். வெற்றியாளரைத் தீர்மானிக்க மறுபடி ஆடியபோது ஜோன்ஸ் ஒரே ஓர் அடியில் தோற்றார். தாமே சொல்லிய அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் மறு ஆட்டமே தேவைப்பட்டிராது. கோப்பை அவருடையதாயிருக்கும்.

சபையாரே, என் கணக்கிலும் ஓர் அடி இருக்கிறது. அதை நானே சொல்ல வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நம் மைதானத்தில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளின் பந்து பட்டு ஆலயத்தின் கண்ணாடிச் சன்னல் ஒன்று உடைந்தது. அன்று மாலையே வாசலில் பூட்டுப் போடச் சொன்னவன் நான்தான். "ஆராதனை நேரம் தவிர மற்ற வேளைகளில் உள்ளே வரக்கூடாது" என்று பலகை எழுதவைத்தவனும் நான்தான். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் நம் சபையார் அல்லர்; பின்தெருக்களில் இருந்து வந்தவர்கள். அவர்கள் பேருந்து நிலையச் சாலையில் ஆடப் போனார்கள். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. ஆலயச் சொத்தைக் காத்த ஆயர் என்று சிலர் பாராட்டவும் செய்தீர்கள். உண்மை என்னவென்றால், நிலத்தை வீண்நிலமாக்கியவன் நானே. மூன்று ஆண்டுகள் பூட்டியே கிடந்த மைதானத்தைப் பார்த்து, "சும்மா கிடக்கிறது, கடை கட்டலாம்" என்று குழுவினர் எண்ணியதில் அவர்கள்மேல் என்ன குற்றம்? பிள்ளைகளின் குரல் கேட்டுக்கொண்டிருந்த வரையில் எவரும் அதைச் சும்மா கிடக்கிற நிலம் என்று சொல்லவில்லை.

சகரியா தீர்க்கதரிசி, தேவன் எருசலேமுக்குத் திரும்பி வருகிற நாளைக் காண்கிறார். அந்த நகரத்தின் அடையாளமாக அவர் முதலில் சொல்வது கோபுரத்தையோ கருவூலத்தையோ அல்ல. முதிர்ந்த வயதில் கோலூன்றி வீதியில் அமர்ந்திருக்கும் கிழவரையும் கிழவிகளையும், அதே வீதிகளில் நிறைந்து விளையாடுகிற ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் அவர் காட்டுகிறார். கர்த்தர் வாசமாயிருக்கும் ஊர் என்பதற்குத் தீர்க்கதரிசி தரும் சான்று, பயமின்றி விளையாடப் பிள்ளைகளுக்கு இடமிருப்பதே.

கடைகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் அற்பமானவை அல்ல என்பதை அறிவேன். ஆலயக் கூரை இரண்டு மழைக்காலங்களாக ஒழுகுகிறது. உபதேசியார் இருவருக்கும் சம்பளம் தாமதமாகிறது. விதவையர் உதவித்தொகை மூன்று ஆண்டுகளாக உயரவில்லை. நிலையான வாடகை வந்தால் இவையெல்லாம் தீரும் என்று குழுவினர் எண்ணியது சபைமேல் உள்ள அன்பினால்தான். அவர்கள் ஒருவர்மேலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மண்டபம் இருந்தால் ஏழைப் பெண்களின் திருமணத்தைக் குறைந்த செலவில் நடத்தலாம் என்று சகோதரி ஒருவர் சொன்னதும் என் மனத்தில் நிற்கிறது.

ஆயினும் என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன்: அந்த மைதானத்தில் நாம் கட்டக்கூடாது. கூரை ஒழுகுவது இந்தத் தலைமுறையின் கடன். அதை இந்தத் தலைமுறையின் காணிக்கையால் அடைக்க வேண்டும். வரப்போகும் தலைமுறையின் நிலத்தால் அல்ல. கூரைப் பணியை இரண்டு கட்டமாகப் பிரித்து, கிழக்குப் பகுதியை வரும் மழைக்கு முன்பும் மற்றதை அடுத்த ஆண்டும் செய்யலாம். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையை முழுவதும் அதற்கென ஒதுக்கலாம். என் பங்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்க முன்வருகிறேன். திருமணங்களுக்கு, வேப்பமர நிழலில் பந்தல் போட்டுக்கொள்ள மைதானத்தையே வாடகையின்றிக் கொடுக்கலாம். நம் பெற்றோர் பலருக்கு அந்த நிழலில்தான் திருமண விருந்து நடந்தது.

அடுத்த சேகரக் கூட்டத்தில் பெரும்பான்மையோர் கட்டலாம் என்று முடிவு செய்தால், ஆயர் என்ற முறையில் சபையின் ஒழுங்குக்குக் கீழ்ப்படிவேன். ஆனால் பேசாமல் கீழ்ப்படிய மாட்டேன். கையொப்பமிடும் முன்பு ஒவ்வொருவரும் ஒருமுறை அந்த மைதானத்தில் நடந்துவிட்டு வாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நடப்பதற்குத் தடையிருக்காது. மலையிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் வாசற்பூட்டை நானே திறந்தேன். துருப்பிடித்திருந்தது, தேங்காய் எண்ணெய் விட வேண்டியிருந்தது. பலகையையும் கழற்றிவிட்டேன். முதல் இரண்டு நாட்கள் எவரும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலையில் நான்கு பையன்கள் வாசலருகே வந்து நின்று என்னையே பார்த்தார்கள். "வாங்க தம்பி" என்றேன். அவர்களில் பெரியவன், "சன்னல் உடைஞ்சா திட்டுவீங்களா ஐயா?" என்று கேட்டான். மூன்று ஆண்டுகளாக அந்தக் கேள்வியை அவன் மனத்தில் வைத்திருந்தான் போலும். "உடைந்தால் எல்லாருமாகச் சேர்ந்து சரிசெய்வோம்" என்றேன். அதற்குமேல் அவர்கள் என்னோடு பேசவில்லை. புளியமரத்தில் கரியால் மூன்று கோடுகள் கிழித்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு மைதானத்தில் முள் அகற்றும் வேலை இருக்கிறது. ஒரு நிலம் சும்மா கிடப்பதற்கு வேலை நிறைய உண்டு என்று அந்த மலைவாசி சொன்னதை மறக்க வேண்டாம். மண்வெட்டியும் அரிவாளும் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். வர இயலாத மூத்தோர் வேப்பமர நிழலில் அமர நாற்காலிகள் போட்டிருப்போம். சகரியா கண்ட காட்சியில் அவர்களுக்கும் இடமுண்டு.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, பூமியும் அதன் வெளிகளும் உம்முடையவை. எங்களுக்கு முன்னிருந்தோர் எங்களுக்காகக் காத்துவைத்த இடத்துக்காக உமக்கு நன்றி. எங்கள் குறைவுகளைக் கண்டு பயந்து, எங்கள் பிள்ளைகளின் பங்கை விற்றுவிடாதபடி எங்களைக் காத்தருளும். நாங்கள் சாத்திய வாசல்களை எங்கள் கைகளாலேயே திறக்கப் பெலன் தாரும். ஒரே மனதோடு முடிவெடுக்க எங்கள் சபைக்கு ஞானத்தைத் தாரும். கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்